கீபோர்டு விளக்குக்கு ஓ.டி.பி. எதற்கு?

வீட்டில் டியூப்லைட் போட சுவிட்சைத் தட்டுகிறோம். அந்த சுவிட்ச், "முதலில் உங்கள் மொபைல் நம்பரைக் கொடுங்கள், ஓ.டி.பி. அனுப்புகிறேன், அதைச் சொன்னால்தான் எரிவேன்" என்றால் என்ன செய்வோம்? எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைக் கழற்றி எறியச் சொல்வோம். அதே காரியத்தைக் கம்ப்யூட்டர் கீபோர்டு செய்தால் மட்டும், "டெக்னாலஜி சார், அப்படித்தான் இருக்கும்" என்று தலையை ஆட்டிவிட்டுப் போகிறோம். அந்தத் தலையாட்டலோடுதான் இன்று எனக்குச் சண்டை.

விஷயம் தெரியாதவர்களுக்காக நாலு வரி. இப்போது வரும் கீபோர்டுகள் பலவற்றில் ஒவ்வொரு விசைக்கு அடியிலும் ஒரு குட்டி எல்.இ.டி. விளக்கு இருக்கிறது. அதற்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று புள்ளிகள். ஒவ்வொன்றின் வெளிச்சத்தையும் 0 முதல் 255 வரை வைக்கலாம். மூன்றையும் கலந்தால் 1,67,77,216 நிறங்கள். இவ்வளவு நிறம் யாருக்கு வேண்டும் என்று கேட்பீர்கள். யாருக்கும் வேண்டாம். எனக்கு ஒன்றிரண்டு போதும். அந்த ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை என் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

விளையாட்டுப் பிள்ளைகளின் கீபோர்டு உங்களுக்கு எதற்கு என்று நடைப்பயிற்சி நண்பர் ஒருவர் கேட்டார். கண்ணுக்குத்தான் சார் என்றேன். வயது ஏற ஏறக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிறது. மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல, நீல வெளிச்சம் உள்ளே போவது குறைகிறது. போதாததற்கு, விழித்திரையின் நட்ட நடுவில் நீலத்தை உணரும் செல்கள் இயற்கையிலேயே குறைவு. சின்ன நீல எழுத்து யாருக்குமே கூர்மையாகத் தெரியாது. நம் வயதில் கேட்கவே வேண்டாம். கறுப்பு விசையில் நீல எழுத்து என்றால் எனக்கு அது ஒரு மங்கல் பொட்டு. ஆரஞ்சு கலந்த மஞ்சள் என்றால் பளிச்சென்று தெரிகிறது. என் மனைவி கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர். செயற்கை லென்ஸ் தெளிவானது என்பதால் நீலம் தாராளமாக உள்ளே போகிறது. அவருக்கு அதே நீலம் கண்ணைக் குத்துகிறது. ஆக ஒரே வீட்டில் இரண்டு கிழங்களுக்கு இரண்டு நிறம் வேண்டும். இது ஆடம்பரம் அல்ல. மூக்குக்கண்ணாடி மாதிரி ஒரு தேவை.

அடுத்த தேவை இதைவிடப் பெரியது. நம் கடைகளில் கிடைக்கும் கீபோர்டுகளில் பெரும்பாலும் ஆங்கில எழுத்து மட்டுமே அச்சாகியிருக்கும். தமிழில் அடிக்க ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், அது ஆறு மாதத்தில் உரிந்து வரும். நான் அடிப்பது தமிழ்99. 1999இல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு நடந்த கையோடு அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை. அதன் அழகே அதன் ஒழுங்குதான். பன்னிரண்டு உயிரெழுத்துகளும் இடது கைப் பக்கம். மெய்கள் ஏறக்குறைய எல்லாமே வலது கைப் பக்கம். வ, ங இரண்டு மட்டும் இடது பக்க ஓரத்தில் ஒதுங்கியிருக்கும். உயிரெழுத்து விசைகளுக்கு ஆரஞ்சு, மெய்களுக்கு வெள்ளை, ஆய்தத்துக்குப் பச்சை என்று விளக்குப் போட்டால் எப்படி இருக்கும்! புதிதாகத் தமிழ் அடிக்கக் கற்பவருக்கு ஒட்டாத ஸ்டிக்கர் அது. இடம் பழகும் வரை நிறமே வழிகாட்டும்.

கீபோர்டு வாங்கினேன். கம்பெனியின் பெயர் வேண்டாம். இந்த விஷயத்தில் அது மட்டும் தனிப்பிறவி இல்லை. பெட்டியைப் பிரித்துச் செருகியதும் வானவில் அலையடித்தது. இடமிருந்து வலமாக ஒரு முறை, வலமிருந்து இடமாக ஒரு முறை. ஆடி வெள்ளிக்குக் கோயில் கோபுரத்தில் சீரியல் பல்பு ஓடுமே, அப்படி. இதை நிறுத்த என்ன வழி என்று கையேட்டைப் பார்த்தால், எங்கள் செயலியை டவுன்லோட் செய்யுங்கள் என்று ஒரு வரி. செயலி சில நூறு எம்.பி. திறந்தால் கணக்குத் தொடங்கச் சொல்கிறது. மின்னஞ்சல், பிறந்த தேதி, மொபைல் நம்பர். விளக்கின் நிறத்துக்கும் நான் பிறந்த தேதிக்கும் என்ன சம்பந்தம்? ஜாதகம் பார்த்துத்தான் நிறம் சொல்வார்களோ? இதெல்லாம் விண்டோஸ் உள்ளவர்களுக்கு. நான் பல வருடமாக லினக்ஸ். லினக்ஸுக்குச் செயலியே கிடையாது என்று வாடிக்கையாளர் சேவையில் மிக மரியாதையாகச் சொன்னார்கள்.

பேரனிடம் சொன்னேன். "தாத்தா, ஒரு அக்கவுண்ட்தானே, என் லேப்டாப்ல போட்டு செட் பண்ணித் தர்றேன், விடுங்க" என்றான். அவன் கம்ப்யூட்டரில் அந்தச் செயலி ஏற்கெனவே இருந்தது. நிறத்தை மாற்றினான், மாறியது. கீபோர்டைக் கழற்றி என் கம்ப்யூட்டரில் செருகினேன். மறுபடி வானவில். நாம் வைக்கும் நிறத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள அந்த மாடலுக்கு நினைவகம் கொடுக்கவில்லை. செயலி எப்போதும் ஓடிக்கொண்டே இருந்தால்தான் நிறம் நிற்கும். அந்தச் செயலியின் முதல் பக்கத்தில் அதே கம்பெனியின் மவுஸுக்கும் ஹெட்போனுக்கும் விளம்பரம். பணம் கொடுத்துப் பொருள் வாங்கிய பிறகும் தினமும் கடைக்குள் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வர வேண்டும் என்கிறார்கள்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். கீபோர்டில் விளக்கு என்பது புதிதே அல்ல. கேப்ஸ் லாக், நம் லாக், ஸ்க்ரோல் லாக் என்று மேலே மூன்று பச்சை விளக்குகள் எரியுமே, ஞாபகம் இருக்கிறதா? யு.எஸ்.பி. கீபோர்டில் அவற்றை எரிய வைப்பது கீபோர்டு அல்ல, கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் ஒரே ஒரு பைட் அனுப்பும். அதன் முதல் பிட் நம் லாக், இரண்டாவது கேப்ஸ் லாக், மூன்றாவது ஸ்க்ரோல் லாக். 1990களில் எழுதிய பொதுத் தரத்தில் இது அச்சிட்டு இருக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எந்தக் கம்பெனி கீபோர்டை எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் அந்த மூன்று விளக்கும் ஒழுங்காக எரியும். லினக்ஸில் 'செட்லெட்ஸ்' என்று ஒரு கட்டளைகூட உண்டு. தட்டினால் விளக்கு எரியும், அணையும். அன்று மூன்று விளக்குக்குக் கணக்குக் கேட்கவில்லை. இன்று 104 விளக்கு ஆனதும் கேட்கிறார்கள். விளக்கின் எண்ணிக்கை கூடியதற்கும் என் பிறந்த தேதிக்கும் உள்ள உறவை யாராவது விளக்கினால் தன்யனாவேன்.

சரி, புலம்பி என்ன பயன் என்று நானே ஒரு கருவி செய்துகொண்டேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பேரனின் லேப்டாப்பில் 'வயர்ஷார்க்' என்ற இலவச மென்பொருளைப் போட்டோம். யு.எஸ்.பி. கம்பியில் என்ன போகிறது, வருகிறது என்று அது பதிவு செய்து காட்டும். கம்பெனிச் செயலியில் சிவப்பு வைக்கச் சொன்னேன். 64 பைட் நீளத்தில் சில செய்திகள் போயின. அடுத்து பச்சை. மறுபடி அதே மாதிரி செய்திகள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எல்லா எண்களும் ஒன்றுபோலவே இருந்தன, 255, 0, 0 என்று இருந்த இடத்தில் 0, 255, 0 என்று வந்ததைத் தவிர. இதுதான் அந்த மகா ரகசியம்! இதைப் பூட்டி வைக்கத்தான் அத்தனை பெரிய செயலி, கணக்கு, ஓ.டி.பி. எல்லாம்.

விசைகளின் வரிசை மட்டும் கொஞ்சம் படுத்தியது. அது எழுத்து வரிசையில் இல்லை, கீபோர்டுக்குள் கம்பி ஓடும் வரிசையில் இருந்தது. செயலியில் ஒவ்வொரு விசையாக எரியவைத்து, எந்த இடத்து எண் மாறுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டோம். இரண்டு மாலைப் பொழுது, ஒரு நோட்டில் மூன்று பக்கம். 104 விசைக்கு மும்மூன்று எண் என்றால் 312 பைட். ஒரே செய்தியில் அடங்காது. துண்டு துண்டாகப் போக வேண்டும். கடைசியில் 'போட்டது போதும், இனி எரி' என்று ஒரு செய்தி. அதை அனுப்பாவிட்டால் எதுவும் மாறாது. லினக்ஸில் கீபோர்டு ஒரு கோப்பாகத் தெரியும். அந்தக் கோப்பில் இந்த எண்களை எழுதினால் வேலை முடிந்தது. பைத்தான் மொழியில் நூற்றுச் சொச்சம் வரிகள். முதலில் ஒவ்வொரு முறையும் நிர்வாகி பாஸ்வேர்டு கேட்டது. 'யூடெவ்' விதி ஒன்றை ஒரு வரி எழுதிப் போட்டதும் அதுவும் நின்றது. இன்டர்நெட் வேண்டாம், கணக்கு வேண்டாம்.

கருவிக்கு 'ஒளி' என்று பெயர் வைத்தேன். லினக்ஸில் கட்டளையின் பெயர் தமிழில் இருக்கலாம், ஒரு தடையும் இல்லை. டெர்மினலில் 'ஒளி இரவு' என்று அடித்தால் மங்கலான ஆரஞ்சு. 'ஒளி தமிழ்' என்றால் உயிர் ஒரு நிறம், மெய் ஒரு நிறம். 'ஒளி அணை' என்றால் இருட்டு. மாலை ஆறரைக்கு 'இரவு', பத்து மணிக்கு 'அணை' என்று 'கிரான்' அட்டவணையில் போட்டுவிட்டேன், தானே நடக்கிறது. லேப்டாப் பேட்டரி எத்தனை சதவீதம் என்பதையும் லினக்ஸ் ஒரு கோப்பில் எழுதி வைத்திருக்கும். அது 20க்குக் கீழே போனால் மேல் வரிசை விசைகள் மட்டும் சிவப்பாகும். சார்ஜரைத் தேடி எழுந்திருக்க அது போதும். அந்தப் பெரிய கம்பெனிச் செயலியில் அலை உண்டு, மழைத்துளி உண்டு, மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கும் வெளிச்சம் உண்டு. தமிழ்99 கிடையாது. அவர்கள் அதை நினைத்துப் பார்க்கவும் போவதில்லை. நமக்கு வேண்டியதை நாம்தான் செய்துகொள்ள வேண்டும் என்றால், குறைந்தபட்சம் கதவைப் பூட்டாமலாவது இருக்கலாம் அல்லவா?

"கறுப்புத் திரையில் கட்டளை அடிப்பதெல்லாம் நிபுணர்களுக்கு, வயதானவர்களுக்கு முடியுமா?" என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு ரத்தம் கொதிப்பது இதைக் கேட்கும்போதுதான். கட்டளை அடிப்பது நமக்குத் தெரியாதா? ஆபீஸில் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வந்தபோது மவுஸ் எங்கே இருந்தது? டாஸ் திரையில் 'டிர்' என்று அடித்தோம், 'காப்பி' என்று அடித்தோம். வேர்ட்ஸ்டாரில் கன்ட்ரோல் விசையை அமுக்கிக்கொண்டு கடிதம் கடிதமாக அடித்துத் தள்ளினோம். டிபேஸில் சம்பளப் பட்டியல் போட்டவர்கள் இதைப் படிப்பவர்களில் நிச்சயம் இருப்பீர்கள். கட்டளை நம் தலைமுறையின் கம்ப்யூட்டர் தாய்மொழி. அப்டேட் ஆகும்போதெல்லாம் பொத்தான் இடம் மாறும் அந்த வண்ணச் செயலிகள்தான் நமக்குக் கஷ்டம். நேற்று மேலே இருந்தது இன்று மூன்று கோடுகளுக்குள் ஒளிந்திருக்கும். 'ஒளி இரவு' என்ற இரண்டு சொல் பத்து வருடம் கழித்தும் 'ஒளி இரவு'தான். இன்னொரு சௌகரியம்: கட்டளையை டெலிபோனில் சொல்லலாம், தபால் அட்டையில் எழுதி அனுப்பலாம். "வலது பக்கம் மேலே பல்சக்கரம் மாதிரி ஒன்று தெரிகிறதா? தெரியவில்லையா? சரி, கீழே பாருங்கள்" என்று போனில் அரை மணி நேரம் அல்லாடியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பாதுகாப்புக்காகத்தான் கம்பெனிச் செயலி என்று இன்னொரு வாதம். 2021 ஆகஸ்டில் நடந்தது இது. ரேசர் கம்பெனியின் மவுஸை விண்டோஸ் 10 கம்ப்யூட்டரில் செருகினால் போதும், அந்தக் கம்பெனியின் செயலியை நிறுவும் நிரல் தானாக இறங்கி, கம்ப்யூட்டரின் உச்ச அதிகாரத்தோடு ஓடியது. எந்த ஃபோல்டரில் போடலாம் என்று அது கேட்கும் ஜன்னல் வழியாக, யார் வேண்டுமானாலும் அதே உச்ச அதிகாரத்தோடு கட்டளைத் திரையைத் திறக்க முடிந்தது. ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் இதை வெளியே சொன்ன பிறகு கம்பெனி சரிசெய்வதாகச் சொன்னது. நூறு வரி நிரலை நான் ஒரு மணி நேரத்தில் முழுக்கப் படித்துவிடலாம். பல நூறு எம்.பி. செயலிக்குள் என்ன இருக்கிறது என்று யார் படிப்பது?

தொழில் ரகசியம் என்பார்கள். அதுவும் எடுபடாது. கீபோர்டுக்குள் ஓடும் நிரலையே திறந்து வைத்திருக்கும் கியூ.எம்.கே. என்ற திட்டம் இருக்கிறது. அதை வைத்துக் கீபோர்டு செய்து விற்கும் கம்பெனிகளும் இருக்கின்றன. அவர்கள் ஒன்றும் கடையை மூடிவிடவில்லை. மைக்ரோசாஃப்ட்டே 2023இல் விண்டோஸ் 11இல் விளக்குகளுக்கு ஒரு பொதுவான வழியைச் சேர்த்தது. தனிச் செயலி இல்லாமல், செட்டிங்ஸ் பக்கத்திலேயே நிறம் மாற்றலாம். அந்தப் பொதுத் தரத்தைப் பேசும் கீபோர்டாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆக, முடியாத காரியம் இல்லை. மனம்தான் இல்லை.

உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் சேர்ந்து 'ஓப்பன் ஆர்.ஜி.பி.' என்று ஒரு இலவச மென்பொருள் எழுதியிருக்கிறார்கள். பல கம்பெனிகளின் விளக்குகளை அது ஒன்றே கட்டுப்படுத்தும், கட்டளை வழியாகவும் இயங்கும். என் மாடல் அதில் இல்லாததால்தான் நான் தனியாக எழுதினேன். உங்களுடையது இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். ஆனால் அந்த நண்பர்கள் ஒவ்வொரு மாடலாக வாங்கி, ஒட்டுக்கேட்டு, எழுதி, சோதித்து உழைக்கும் உழைப்பு முழுவதும் தேவையற்றது என்பதுதான் என் ஆத்திரம். கம்பெனி ஒரே ஒரு பக்கம் அச்சடித்துப் பெட்டியில் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும் வேலை.

இப்படி ஒட்டுக்கேட்பது சட்டப்படி சரியா என்று கேட்ட வக்கீல் நண்பருக்கு: நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ஏபி) பிரிவைப் பாருங்கள். ஒரு மென்பொருளை முறையாக வைத்திருப்பவர், தானே எழுதும் இன்னொரு மென்பொருள் அதனோடு சேர்ந்து இயங்கத் தேவையான தகவலைப் பெறுவதற்குச் செய்யும் செயல் பதிப்புரிமை மீறல் ஆகாது. அந்தத் தகவல் வேறு வழியில் எளிதாகக் கிடைக்காமல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எனக்கு எளிதாகக் கிடைக்கவில்லை என்பதற்கு வாடிக்கையாளர் சேவையின் பதிலே சாட்சி. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளம் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் உடைந்ததைச் சரிசெய்யும் உரிமை மட்டும் போதாது. உடையாமல் நன்றாக இருப்பதை என் இஷ்டப்படி இயக்கும் உரிமையும் அதில் சேர வேண்டும்.

ஒரு எச்சரிக்கையை மறைக்கக் கூடாது. கீபோர்டுக்குள் இருக்கும் சிப்புக்குக் கண்டபடி எண்களை அனுப்பிச் சோதிக்காதீர்கள். அதே வழியாகத்தான் சில மாடல்களில் உள் நிரலை மாற்றும் செய்திகளும் போகும். தவறான ஒன்று போய் விழுந்தால் கீபோர்டு செத்துவிடலாம். கம்பெனிச் செயலி அனுப்பி நான் கண்ணால் பார்த்த செய்திகளைத் தவிர வேறு எதையும் என் கருவி அனுப்பாது. இந்த ஆபத்தையும் என் குற்றமாகச் சொல்வார்கள். எந்த எண் விளக்குக்கு, எந்த எண் ஆபத்து என்று அந்த ஒரு பக்கத்தில் அச்சடித்திருந்தால் ஆபத்தே இல்லை.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது, விலை கேட்பதற்கு முன் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "தம்பி, இன்டர்நெட் இல்லாமல், கணக்குத் தொடங்காமல் இதன் விளக்கு நிறத்தை மாற்றலாமா?" பையன் விழிப்பான். பரவாயில்லை, விழிக்கட்டும். பத்துப் பேர் கேட்டால் முதலாளி காதுக்குப் போகும். மாற்றலாம் என்று காட்டினால் வாங்குங்கள். சில மாடல்களில் எஃப்.என். விசையோடு இன்னொரு விசையைச் சேர்த்து அமுக்கினாலே நிறம் மாறும். அது பெரிய நிம்மதி.

'ஒளி' வேண்டும் என்பவர்கள் கீபோர்டைத் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் மாடல் நம்பரை எனக்கு எழுதுங்கள். என்னுடைய மாடலேதான் என்றால் அனுப்பிவைக்கிறேன், அப்படியே ஓடும். வேறு மாடல் என்றால் ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரும், ஒரு நோட்டும், இரண்டு மாலைப் பொழுதும், பொறுமையான ஒரு பேரனோ பேத்தியோ வேண்டும்.